ஜிப்ஸிக்கு டிஃப் லாக்: முன்னச்சிலா, பின்னச்சிலா, அல்லது தேவையே இல்லையா?

குறுமிளகு

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2004ஆம் ஆண்டின் மாருதி ஜிப்ஸி ஜீப் இருக்கிறது, எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) என்ஜின், முன்சக்கரங்களில் கையால் திருப்பும் ஹப் (சக்கரத்தை அச்சுத் தண்டோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் பூட்டு). வீடு பட்டிவீரன்பட்டியில், காப்பித் தோட்டம் தாண்டிக்குடிக்கு மேலே. வாரத்தில் நான்கு முறையாவது மலைச்சாலையில் ஏறி இறங்குகிறேன். சிக்கல் சாலையில் இல்லை. சாலையிலிருந்து எங்கள் சரக்கறைக்குப் போகும் கடைசி 400 மீட்டர் செம்மண் தடத்தில்தான் இருக்கிறது. டிராக்டர் சக்கரங்கள் பறித்த பள்ளங்கள் இருபுறமும் மாறி மாறி வருவதால், ஓரிடத்தில் முன் இடச்சக்கரமும் பின் வலச்சக்கரமும் ஒரே நேரத்தில் பாரமிழந்து சுழல்கின்றன. மற்ற இரண்டும் தரையைக் கெட்டியாகப் பிடித்தபடி அசையாமல் நிற்கின்றன. கைப்பேசியை வண்டியின் தளத்தில் வைத்துப் பார்த்ததில் அந்த இடத்தின் சரிவு 15 பாகை.

ஐப்பசி பிறந்துவிட்டால் அங்கே வண்டியை நிறுத்திவிட்டு உர மூட்டைகளைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஒருவர் டிஃப்ரன்ஷியலுக்குள் (ஓர் அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி) வெல்டிங் அடித்து இரு சக்கரங்களையும் ஒரேயடியாகப் பிணைத்துவிடச் சொல்கிறார்; இன்னொருவர் தேவைப்படும்போது மட்டும் அதைப் பூட்டும், காற்றழுத்தத்தில் இயங்கும் ஏ.ஆர்.பி. லாக்கரைத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார். என் மனைவியும் இதே வண்டியை மழையில் கொண்டைஊசி வளைவுகளில் ஓட்டுகிறார் என்பதை மனத்தில் வைத்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஸ்ப்ளைன்26

நண்பருக்கு வணக்கம். நான்கு சக்கர இழுவை என்று வண்டியின் பின்புறம் எழுதியிருந்தாலும், சாதாரண டிஃப்ரன்ஷியல் உள்ள வண்டியில் ஒவ்வோர் அச்சிலும் உண்மையில் உறுதியாகக் கிடைப்பது பிடிமானம் குறைந்த சக்கரம் தாங்கும் இழுவையின் இரு மடங்குதான். பலர் எண்ணுவதுபோல டிஃப்ரன்ஷியல் விசை முழுவதையும் சுழலும் சக்கரத்துக்கு அனுப்பிவிடுவதில்லை. அது இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே தருகிறது. ஒரு சக்கரம் வழுக்கி 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் ஏற்க மறுத்தால், கெட்டியான தரையில் நிற்கும் மற்றதற்கும் அதே 100தான் போகும். நீங்கள் எவ்வளவு முடுக்கினாலும் அது மாறாது. சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதைச் சரிசெய்யும் வழிகளில் உங்களுக்குப் பொருந்தக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது, ஓட்டுநர் விரும்பும்போது மட்டும் பூட்டிக்கொள்ளும் லாக்கர். காற்றால், மின்காந்தத்தால், அல்லது கேபிளால் இயங்குபவை உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் 1987இல் ராபர்ட்ஸ் டிஃப் லாக்கின் உரிமையை வாங்கி மேம்படுத்தியதுதான் இன்று எல்லோரும் சொல்லும் ஏர் லாக்கர். பூட்டாதபோது அது சாதாரண டிஃப்ரன்ஷியல், பூட்டினால் இரு சக்கரமும் ஒரே அச்சு. இடைநிலை என்று எதுவுமில்லை. கம்ப்ரஸர், காற்றுக்குழாய், சுவிட்ச், வேலைக்கூலி, இறக்குமதி வரி எல்லாம் சேர்ந்தால் லட்ச ரூபாயை எளிதில் தாண்டிவிடும்.

இரண்டாவது, தானாக விடுபடும் லாக்கர். இதன் இயல்பு பூட்டிய நிலைதான். வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகச் சுற்ற முயலும்போது உள்ளிருக்கும் பற்கள் விலகி அதை விடுகின்றன. இவ்வகையில் பழைய டிஃப்ரன்ஷியல் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களான ஸ்டார் பினியனையும் சன் கியரையும் மட்டும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்தும் லாக்-ரைட், ஆஸி லாக்கர் போன்றவை இருக்கின்றன. நம் ஜிப்ஸியின் உறவினனான சுசுகி சாமுராய்க்குச் செய்யப்படுபவை இதற்குப் பொருந்தும். ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் ஆக்சில் தண்டின் முனையில் எத்தனை பற்கள் என்று கையால் எண்ணுங்கள். சாமுராயில் 26, வேறு சுசுகிகளில் வேறு எண்ணிக்கை இருக்கிறது. பழைய வண்டியில் யார் எதை மாற்றியிருக்கிறார்கள் என்பது கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். காற்று லாக்கருக்கு ஆகும் செலவில் இது ஒரு சிறு பங்குதான்.

பாதி வழுக்கலைத் தடுக்கும் எல்.எஸ்.டி. வகை உங்களுக்கு வேண்டாம். டோர்சன் போன்ற கியர் வகை, வழுக்கும் சக்கரம் தாங்கும் விசையை ஒரு குறிப்பிட்ட மடங்காகப் பெருக்கி மற்றதற்குத் தருகிறது. தொங்கும் சக்கரத்தின் சுழியத்தை எத்தனையால் பெருக்கினாலும் சுழியம்தான்.

பேராக்வாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் இன்றும் பழைய சுசுகி ஜீப்புகள் நிறைய ஓடுகின்றன, என்னுடையது எஸ்.ஜே.413. வெல்டிங் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன்.

தோட்டத்துக்குள் சேற்றில் அது அற்புதமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். தார்ச்சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பின்சக்கரம் தேய்ந்துகொண்டேதான் வரும். பெட்ரோல் நிலையத்துக்குள் திரும்பும்போது டயர் கீச்சிடும் சத்தத்தைக் கேட்டு எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னச்சுத் தண்டு ஒன்று முறிந்தது. அதைவிடப் பெரிய அபாயம் பக்கச்சரிவில் இருக்கிறது. செம்பனை நட்டிருக்கும் மேடைத்தடத்தில் மழைக்குப் பிறகு போகும்போது, சாதாரண டிஃப்ரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது சும்மா உருண்டபடி பக்கவாட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்தும். பூட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து சுழலும். சுழலும் டயருக்குப் பக்கப்பிடிமானம் என்பதே இல்லை. என் வண்டியின் பின்பகுதி அப்படித்தான் மெதுவாக, ஏதோ சோம்பல் முறிப்பதுபோல, ஓரத்துக் கால்வாய்க்குள் இறங்கியது. நல்லவேளையாகப் பனை மரம் ஒன்று தடுத்தது. உங்கள் வீட்டார் மழையில் மலைச்சாலையில் ஓட்டுவதாகச் சொல்கிறீர்கள். பின்னச்சில் வெல்டிங் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

வெண்ஜிம்னி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் 2023இல் வந்த மாருதியின் ஐந்து கதவு ஜிம்னியை வைத்திருக்கிறேன். இதிலும் முன்பின் இரண்டும் சாதாரண டிஃப்ரன்ஷியல்தான்; ஆனால் சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. இதுவரை எங்கும் நின்றதில்லை. எனக்கும் லாக்கர் தேவையா?

ஸ்ப்ளைன்26

உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை. நான் மேலே சொன்ன சமப்பங்கு விதியை வைத்தே அந்த ஏற்பாடு வேலை செய்கிறது. தொங்கும் சக்கரத்தைப் பிரேக் பிடித்தால், அது ஏற்கும் விசை கூடுகிறது. அதே அளவு மற்றதற்கும் போய்ச்சேர்கிறது. குறை என்னவென்றால், சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். கால் எடுக்காமல் ஒரு விநாடி முடுக்கிப் பிடிக்கும் பொறுமை ஓட்டுநருக்கு வேண்டும். நீண்ட சேற்று ஏற்றத்தில் பிரேக்கும் சூடாகும். உத்தரவாதக் காலம் முடியும்வரை டிஃப்ரன்ஷியலைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

மலைச்சரிவு

குறுமிளகு அவர்களுக்கு என் பரிந்துரை வேறு. பின்னச்சைத் தொடவே வேண்டாம். முன்னச்சில் தானாக விடுபடும் சிறிய லாக்கரைப் போடுங்கள்.

காரணம் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. முன்சக்கர ஹப்பைத் திருப்பி விடுவித்துவிட்டால், முன்னச்சுத் தண்டுகளுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இல்லை. உள்ளே லாக்கர் இருக்கிறதா, வெல்டிங் இருக்கிறதா, இரும்புத் துண்டு இருக்கிறதா என்பது சாலையில் ஓடும் வண்டிக்குத் தெரியாது. பட்டிவீரன்பட்டியிலிருந்து தாண்டிக்குடிவரை உங்கள் மனைவி ஓட்டுவது பழைய ஜிப்ஸியையேதான். தடத்தின் வாயிலில் இறங்கி இரண்டு ஹப்பையும் பூட்டினால் மட்டுமே அது வேறு வண்டியாகிறது.

பின்னச்சில் அதே லாக்கரைப் போட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஜிப்ஸியின் இரு அச்சுகளுக்கு இடையே 2375 மில்லிமீட்டர்தான். வளைவில் முடுக்கும்போது உள்சக்கரம் மட்டும் தள்ளும். காலை எடுத்ததும் தடை வெளிச்சக்கரத்துக்கு மாறும். வண்டியின் மூக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமாக அசையும். நீளமான வண்டியில் இது தெரியாது, குட்டை வண்டியில் ஸ்டீயரிங் பிடித்த கைக்கு நன்றாகவே தெரியும். ஈரமான கொண்டைஊசி வளைவில் அதைப் பழக்கமில்லாதவர் சமாளிக்க வேண்டுமா?

தார்க்காரன்

ஒரு சிறு தகவல். 2020இல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பின் பின்னச்சில் உள்ள ஈட்டன் லாக்கர் இந்த இரண்டு வகையிலும் சேராது. அது சாதாரணமாகத் திறந்திருக்கும். இரு சக்கரங்களின் சுழற்சி வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வேறுபட்டால் தானே பூட்டிக்கொள்ளும். மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் பூட்டாது. பூட்டும்போது எழும் ‘டமார்’ சத்தத்தில் முதல்நாள் ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஸ்ப்ளைன்26

மலைச்சரிவு சொன்ன ஹப் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் ஏற்றத்தில் பாரம் பின்னால்தான் இருக்கிறது என்பதை அவர் விட்டுவிட்டார். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வண்டி, ஓட்டுநர், உர மூட்டை எல்லாம் சேர்த்து 1300 கிலோ என்று கொள்கிறேன். 15 பாகைச் சரிவில் வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 3300 நியூட்டன். ஏற வேண்டுமென்றால் நான்கு டயர்களும் சேர்ந்து இதைவிடக் கூடுதலாகத் தள்ள வேண்டும். தாழ்கியரில் என்ஜினின் வலு இதற்குத் தாராளமாகப் போதும். பிரச்சினை முழுவதும் தரையில்தான். சரிவில் தரையை அழுத்தும் பாரம் சுமார் 1256 கிலோவுக்குச் சமம். மூட்டைகள் பின்னால் இருப்பதால் பின்னச்சில் 60 விழுக்காடு, அதாவது 754 கிலோ. முன்னச்சில் 502 கிலோ. பாரமிழந்து சுழலும் சக்கரம் ஒவ்வொன்றிலும் 100 கிலோதான் நிற்கிறது என்றும், ஈரச் செம்மண்ணின் உராய்வு எண் 0.4 என்றும் வைத்துக்கொள்வோம்.

இப்போதுள்ள நிலையில் ஒவ்வோர் அச்சும் பாரமிழந்த சக்கரத்தின் இரு மடங்கைத்தான் தரும். மொத்தம் 1570 நியூட்டன். தேவையில் பாதிகூட இல்லை, அதனால்தான் நிற்கிறீர்கள். முன்னச்சை மட்டும் பூட்டினால் 2755, இன்னமும் போதாது. பின்னச்சை மட்டும் பூட்டினால் 3740, ஏறிவிடும். இரண்டையும் பூட்டினால் 4930. ஆகவே ஓரச்சில் மட்டுமே பணம் போட முடியும் என்றால் அது பின்னச்சாக இருக்க வேண்டும். மழைச்சாலையை நினைத்தால் அது விரும்பியபோது மட்டும் பூட்டும் வகையாக இருக்க வேண்டும். செலவு அதிகம்தான், மறுக்கவில்லை.

மலைச்சரிவு

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் உராய்வு எண்ணை 0.3 என்று வைத்தால் உங்கள் பின்னச்சு லாக்கரும் 2800 நியூட்டனோடு நின்றுவிடும், இரண்டையும் பூட்டினால்தான் ஏறும். 0.3க்கும் 0.4க்கும் இடையிலான வேறுபாடு ஒரு சாரல் மழைதான். அப்படியிருக்கும்போது, ஒரு லட்சத்தைப் போட்டு வாங்கிய பொருள் ஒரு சாரலில் தோற்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. பள்ளத்தின் விளிம்பில் மோதி நிற்கும் முன்சக்கரத்தைப் பின்னச்சு தள்ளினால் அது மண்ணுக்குள் இன்னும் புதைகிறது. தானே ஏற முயலும் முன்சக்கரம் விளிம்பைத் தொற்றிக்கொண்டு மேலே வருகிறது. இதை எந்த வாய்ப்பாட்டில் சேர்ப்பீர்கள்?

ஸ்ப்ளைன்26

சேர்க்க முடியாதுதான். ஆனால் சேர்க்க முடியாதது என்பதற்காக அதை மட்டும் நம்பியும் வாங்க முடியாது.

ஷெட்டுக்காரர்

திண்டுக்கல் பக்கத்தில் நாற்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இப்போது பையன்தான் பார்த்துக்கொள்கிறான், நான் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்வதோடு சரி. தம்பி குறுமிளகு, லாக்கர் இருக்கட்டும். நீங்கள் வேறோர் இழையில் வண்டியை விற்கலாமா என்று கேட்டுப் போட்டிருந்த படங்களைப் பார்த்தேன். பின் ஸ்பிரிங்கில் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததைவிட இரண்டு பட்டை கூடுதலாக இருப்பதுபோலத் தெரிகிறது. முன்பு வைத்திருந்தவர் மூட்டை ஏற்றுவதற்காகச் சேர்த்திருப்பார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்.

பட்டை கூடினால் ஸ்பிரிங் விறைத்துக்கொள்ளும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது மற்றது பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தேடிப்போக வேண்டும். விறைத்த ஸ்பிரிங் அதை இறங்க விடாமல் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் தொங்குகிற சக்கரம் பாதி டிஃப்ரன்ஷியலின் குற்றம், பாதி அந்தப் பட்டைகளின் குற்றம். கூடுதல் பட்டைகளை எடுத்துவிட்டு, ஷேக்கிள் புஷ்களை (ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் உறைகள்) புதிதாகப் போட்டு, பட்டைகளைப் பிரித்துத் துருவைத் தேய்த்துக் கிரீஸ் தடவிக் கட்டுங்கள். தடத்தின் வாயிலில் டயர்க் காற்றை 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள், திரும்பி வரும்போது மறக்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் நின்றால் லாக்கரைப் பற்றிப் பேசலாம். லாக்கருக்கு ஆகும் செலவில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

குறுமிளகு

ஐயா சொன்னது சரிதான். வலப்பக்கம் இரண்டு பட்டை கூடுதல், இடப்பக்கம் ஒன்று. இரு பக்கமும் ஏன் ஒரே எண்ணிக்கையில் இல்லை என்பது முந்தைய உரிமையாளருக்கே வெளிச்சம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஷேக்கிள் புஷ்களையும் மாற்றினேன். ஒரு புஷ் கையோடு துண்டு துண்டாக வந்தது.

போன வாரம் இரண்டு நாள் மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். காற்றை இறக்கி, தாழ்கியரின் இரண்டாம் கியரில், மூட்டையில்லாமல் அந்த இடத்தைக் கடந்துவிட்டேன். ஆறு ஆண்டுகளில் இப்படி மழைக்குப் பிறகு கடந்தது இதுவே முதல் முறை. மூட்டையோடு மறுபடி முயன்றபோது மேலே ஒரு முழம் மீதமிருக்கும்போது நின்றுவிட்டது. சக்கரம் இப்போது அந்தரத்தில் தொங்கவில்லை. தரையைத் தொட்டபடிதான் சுழல்கிறது.

ஸ்ப்ளைன்26

அந்த ஒரு முழத்தைப் படித்ததும் பழைய தாளைத் திரும்ப எடுத்தேன். என் கணக்கில் நான் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்ட எண் அந்த 100 கிலோதான். ஸ்பிரிங் தளர்ந்த பிறகு பாரமிழந்த சக்கரத்தில் 200 கிலோ நிற்கிறது என்று வைத்தால், லாக்கர் எதுவுமில்லாமலே 3139 நியூட்டன் வருகிறது. தேவை 3300. மூட்டையோடு போனால் மயிரிழையில் நிற்க வேண்டும், நின்றிருக்கிறது.

இதில் முன்னச்சை மட்டும் பூட்டினால் 3540, ஏறிவிடும். பின்னச்சை மட்டும் பூட்டினால் 4530. ஆகவே, ஸ்பிரிங் விறைத்திருந்தபோது தோற்ற மலைச்சரிவின் பரிந்துரை இப்போது தேறிவிடுகிறது. பின்னச்சு இன்னும் வலுவானதுதான். ஆனால் இருநூற்றுச் சொச்ச நியூட்டன் உபரியோடு, சாலையில் எந்த வேறுபாடும் தெரியாமல், ஒரு சிறு பங்குச் செலவில் முடியும் வேலையை விட்டுவிட்டு லட்சத்துக்கு மேல் போடச் சொல்ல எனக்கு இப்போது மனம் வரவில்லை. முதலிலேயே படத்தைப் பார்க்காமல் வாய்ப்பாட்டைப் பார்த்தது என் தவறு.

மலைச்சரிவு

நன்றி. பெருந்தன்மைக்குப் பதிலாக நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முன்னச்சு லாக்கரின் கெட்ட குணங்களை நான் சொல்லவில்லை. ஹப் பூட்டி முடுக்கும்போது ஸ்டீயரிங் இரும்பாகக் கனக்கும்; வண்டி நேராகப் போகவே விரும்பும். பவர் ஸ்டீயரிங் இல்லையென்றால் கட்டைவிரலை வளையத்துக்குள் விடாமல் ஓட்டுங்கள், கல்லில் பட்டு உதறினால் விரல் போய்விடும். முழுத் திருப்பத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்துவைத்துக்கொண்டு முடுக்கவே கூடாது. நக்கிளுக்குள் (முன்சக்கரம் திரும்பும் முனைக்கூடு) இருக்கும், திரும்பிய சக்கரத்துக்கும் விசையைக் கடத்தும் பிர்ஃபீல்டு மூட்டு அந்தக் கோணத்தில்தான் மிக வலுவிழந்து நிற்கும். முன்பு இரண்டு மூட்டுகளும் பகிர்ந்துகொண்ட விசையை இனி ஒன்றே தாங்க நேரும்.

ஷெட்டுக்காரர்

மாட்டப்போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். ஜிப்ஸியில் டிஃப்ரன்ஷியலின் நடுப்பகுதி முழுதாகக் கழன்று வெளியே வரும். மேசைமேல் வைத்து நிதானமாக வேலை செய்யலாம். முடிந்தால் பழைய சாமான் கடையில் நல்ல நடுப்பகுதி ஒன்றை வாங்கி அதில் லாக்கரைப் பொருத்துங்கள். உங்களுடையது கையிருப்பாக இருக்கும். ஆனால் அதிலுள்ள கிரவுன் வீல் (பெரிய பற்சக்கரம்), அதைச் சுழற்றும் பினியன் இரண்டின் பற்களை எண்ணி, பின்னச்சின் விகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். முன்னும் பின்னும் வேறு விகிதம் இருந்தால் நான்கு சக்கர இழுவையில் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) அழத் தொடங்கிவிடும். இப்படி ஒரு வண்டி எங்கள் பட்டறைக்கு வந்து, மூன்று நாள் காரணம் தெரியாமல் நாங்களும் சேர்ந்து அழுதோம்.

கழற்றும்போது பேரிங் மூடிகள் எது எந்தப் பக்கம் என்று பஞ்ச் அடித்துக் குறியிடுங்கள். கிரவுன் வீல் இருந்த இடத்திலேயே திரும்ப உட்கார வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பேக்லாஷை (பற்களுக்கு இடையிலான தளர்வு) கழற்றும் முன்பும் மாட்டிய பின்பும் அளந்து இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். லாக்கர் வந்த பெட்டியிலிருக்கும் தாளில் குறுக்குப் பின்னுக்கும் லாக்கர் பற்களுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று போட்டிருப்பான். பழைய குறுக்குப் பின் தேய்ந்திருந்தால் அந்த அளவு வராது. பின்னைப் புதிதாகப் போடுங்கள். கூட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். வழக்கமான கியர் ஆயிலே போதும். கிளட்ச் வகை எல்.எஸ்.டி.க்கு ஊற்றும் தனி மருந்தெல்லாம் இதற்கு வேண்டாம்.

குறுமிளகு

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறேன். பட்டறையில் நடுப்பகுதியை மேசைமேல் வைத்தே பொருத்தினோம். பற்களை எண்ணியதில் 26தான். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி சுங்கத்தில் மூன்று வாரம் தூங்கியதைத் தவிர வேறு தொல்லை இல்லை.

சாலையில் எந்த வேறுபாடும் இல்லை. மனைவியிடம் சொல்லாமலே ஒரு நாள் ஓட்டச் சொன்னேன். ஹாரன் சரியில்லை என்பதைத் தவிர அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தடத்தில், நான்கு மூட்டையோடு, நடு மழைக்காலத்தில், அந்த இடத்தை இதுவரை பதினொரு முறை கடந்திருக்கிறேன். இரண்டு முறை நின்றேன். நின்ற இரண்டு நாளும் தண்ணீர் தடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பைத் தொற்றி ஏறுவது பற்றி மலைச்சரிவு எழுதியது உண்மை. கண்ணால் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

இப்போது குற்ற ஒப்புதல். சரக்கறை முன்பு இடம் குறுகல், வண்டியைத் திருப்பப் பின்னால் எடுக்க வேண்டும். ஹப் பூட்டியபடி, தாழ்கியரில், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, கல் ஒன்றின்மேல் பின்னோக்கி ஏற்றினேன். துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். வலப்பக்க பிர்ஃபீல்டு மூட்டின் கூடு இரண்டாகப் பிளந்திருந்தது. மலைச்சரிவு எதைச் செய்யாதே என்று எழுதினாரோ அதையே சொல்லிவைத்ததுபோலச் செய்திருக்கிறேன்.

பேராக்வாசி

வலப்பக்க ஹப்பை மட்டும் விடுவித்து, இடப்பக்கத்தைப் பூட்டியபடியே கீழே வந்தீர்களா?

குறுமிளகு

ஆமாம், அதைத்தான் எழுத வந்தேன். சாதாரண டிஃப்ரன்ஷியலாக இருந்திருந்தால் ஒரு தண்டு உடைந்ததும் முன்னச்சே செத்திருக்கும்; லாக்கர் இருந்ததால் இடச்சக்கரம் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டு வந்தது. ஸ்டீயரிங் ஒரு பக்கமாக வலித்தது, ஆனால் வெளியே வந்துவிட்டேன். உடைந்த துண்டுகள் நக்கிளுக்குள் சிக்கி ஸ்டீயரிங்கைப் பிடித்துவிடுமோ என்று அஞ்சி, தடத்தின் வாயிலிலேயே வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தில் வீட்டுக்குப் போனேன்.

ஷெட்டுக்காரர்

நிறுத்தியது நல்லது. உடைந்த பிர்ஃபீல்டு மூட்டினை மாற்றும்போது நக்கிளைப் பெட்ரோலில் இரண்டு முறை கழுவுங்கள். இரும்புத்தூள் ஒரு சிட்டிகை மீந்தாலும் புதிய பேரிங்கைத் தின்றுவிடும். இடப்பக்க மூட்டினையும் கழற்றிக் கூட்டின் வாயோரத்தைப் பாருங்கள், அதுவும் அன்று அதே அடியை வாங்கியிருக்கிறது. சரக்கறை முன்னால் இருக்கும் அந்தக் கல்லை எடுக்க எவ்வளவு ஆகும் என்று ஒரு ஜே.சி.பி.க்காரரிடம் கேட்டுவையுங்கள், தம்பி.